முப்பத்தொன்றாம் பெட்டி

லவோன் டெசார் தம் வாழ்நாளில் முப்பத்து நான்கு பெட்டிகள் செய்தார். ஒவ்வொன்றுக்கும் எண் உண்டு. இருபத்தொன்பது இன்று எந்த வீட்டில் இருக்கின்றன என்று என்னால் சொல்ல முடியும். இரண்டு, ஒரு கொட்டகை எரிந்தபோது அதோடு போயின. மூன்றைப் பற்றித் தகவல் இல்லை.

பெட்டி என்றால் காற்றுத் துப்பாக்கியிலிருந்து வரும் ஈயக்குண்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும் பெட்டி. முன்னால் குறி அட்டை, அதன் பின்னால் களி, களிக்குப் பின்னால் இரும்புத் தகடு. வீட்டுப் பின்புறத்தில் சுடுகிறவர்களுக்குத் துப்பாக்கியைவிடப் பெட்டிதான் முக்கியம் என்பது லவோனின் கட்சி. துப்பாக்கி சரியில்லை என்றால் அட்டை கெடும், பெட்டி சரியில்லை என்றால் பக்கத்து வீட்டு உறவு கெடும் என்பார்.

அதை அவர் அனுபவத்தில் கற்றார். 1979 கோடையில் அவருடைய கணவர் ரே, மக்காச்சோளக் களஞ்சியத்து எலிகளுக்காக வாங்கிய துப்பாக்கியால் பின்புறத்தில் குறி பார்த்துப் பழகிக்கொண்டிருந்தார். அட்டைப்பெட்டி ஒன்றில் பழைய விலைப்பட்டியல் புத்தகங்களை அடுக்கி அதையே குறிக்கு முட்டுக் கொடுத்திருந்தார். மூன்று மாதம் எல்லாம் நன்றாகவே நடந்தது. ஆகஸ்டில் ஒரு நாள், வேலிக்கு அப்பால் கொடியில் காய்ந்துகொண்டிருந்த ஆல்மா பெக்மனின் படுக்கை விரிப்பில் பட்டாணி அளவுக்கு ஓர் ஓட்டை விழுந்தது. லவோன் அட்டைப்பெட்டியைப் பிரித்துப் பார்த்தார். புத்தகங்களின் நடுவில் மட்டும், விரல் நுழையும் அளவுக்கு, கடைசிப் பக்கம் வரை அரித்துப் போயிருந்தது. மற்ற இடமெல்லாம் புதிதாக இருந்தது.

"நீ நல்லாச் சுடுறதுதான் வம்பு," என்றாராம் ரேயிடம். "கொஞ்சம் மோசமாச் சுட்டிருந்தா இது இன்னும் ஒரு வருஷம் தாங்கியிருக்கும்."

விரிப்பைத் தைத்துக் கொடுத்துவிட்டு, சரியான பெட்டி செய்து முடிக்கும்வரை துப்பாக்கியைத் தொடக்கூடாது என்று ரேயிடம் சொல்லிவிட்டார். அதற்குப் பதினொரு வாரம் ஆனது. மணல் நிரப்பிப் பார்த்தார், விழுந்த ஓட்டைகள் வழியாக மணல் கொட்டியது. சாய்த்து வைத்த இரும்புத் தகட்டை வைத்துப் பார்த்தார், ஈயம் சிதறியதோடு தெருவே திரும்பிப் பார்க்கும் சத்தம். கிழிந்த துணிகளை அடைத்தார், ஒரே இடத்தில் இருபது குண்டு பட்டதும் அவை ஒதுங்கி வழிவிட்டன.

விடை அவர் வேலை பார்த்த இடத்திலேயே இருந்தது. பத்தொன்பது வயதில் சோளத்தை டப்பாவில் அடைக்கும் ஆலையில் வரிசை வேலைக்குச் சேர்ந்தவர் அவர். மின்பெட்டிக் கதவுகளின் உட்புறம் ஒட்டியிருந்த கம்பி வரைபடங்களை இரண்டு குளிர்காலம் சாப்பாட்டு நேரத்தில் நின்றுகொண்டே படித்து, 1971இல் பராமரிப்புப் பிரிவில் மின்பணியாளர் ஆனார். அந்தப் பிரிவில் முதல் பெண். மின்கம்பிக் குழாய்களின் வாயில் ஈரம் ஏறாமல் அடைக்கும் சாம்பல் நிறக் களி ஒன்று உண்டு. எத்தனை வருடமானாலும் காயாது. அதில் மிச்சம் விழுந்ததை ஃபோர்மனிடம் கேட்டு வாங்கி வந்து, வெயிலில் இளக்கி, மாவு பிசைவது போலப் பிசைந்து, பன்னிரண்டு அங்குலச் சதுரமான பைன் பெட்டிக்குள் இரண்டு அங்குலக் கனத்துக்கு அப்பினார். பதினேழு பவுண்டு பிடித்தது. ரே சுட்டார். தொப்பென்று ஒரு சத்தம், அவ்வளவுதான். குண்டு உள்ளே போய்த் தங்கிவிட்டது. ஆல்மா பெக்மன் துணி உலர்த்திக்கொண்டே இருந்தார், திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அதுதான் ஒன்றாம் எண் பெட்டி.

ரே 1986இல் மாரடைப்பில் இறந்தார். அடுத்த வசந்தத்தில் லவோன் அந்தத் துப்பாக்கியை எடுத்துத் தாமே சுடத் தொடங்கினார். அந்த வருடந்தான் எங்கள் தபால் போட்டியும் தொடங்கியது. உறுப்பினர்கள் அவரவர் வீட்டுப் பின்புறத்தில், முப்பத்து மூன்று அடி தொலைவிலிருந்து, மாதத்துக்கு ஓர் அட்டை சுட்டுத் தபாலில் அனுப்ப வேண்டும். அட்டையில் ஐந்து வட்டங்கள், வட்டத்துக்கு இரண்டு குண்டு, ஆக மொத்தம் பத்து. நடுவில் மிளகு அளவுக்கு ஒரு புள்ளி. அதைத் தொட்டால் பத்து மதிப்பெண். யாரும் யாரையும் மேற்பார்ப்பதில்லை. அட்டைகள் என்னிடம் வரும். கூட்டுறவுத் தானியக் கிடங்கில் முப்பத்தைந்து வருடம் எடைமேடையில் இருந்தவன் என்பதால் மதிப்பிடும் வேலையை என்னிடம் கொடுத்தார்கள். என் அட்டைகளை மட்டும் லவோன் மதிப்பிடுவார். பாதி மதிப்பெண்கூட விட்டுக்கொடுத்ததில்லை.

புது உறுப்பினர் சேர்ந்தால் லவோன் ஒரு பெட்டி செய்து கொடுப்பார். கொடுப்பதற்கு முன் தாமே அதைத் திறந்து வைப்பார். அந்த மாதத்துத் தம் போட்டி அட்டையை அந்தப் புதுப் பெட்டியில் செருகிச் சுடுவார். சுடாத பெட்டியை அடுத்தவர் வீட்டுக்கு அனுப்ப அவருக்கு மனம் வராது. மூடியின் உட்புறம் ஒரு சீட்டு ஒட்டியிருக்கும்: எண், தேதி, அதன் கீழே 10. உள்ளே பத்துக் குண்டு ஏற்கெனவே இருக்கிறது என்று பொருள். பெட்டியில் இரண்டாயிரம் குண்டு சேர்ந்ததும் களியைத் தோண்டி ஈயத்தை எடுத்துவிட வேண்டும் என்பது அவர் விதி. அதற்குமேல் போனால் ஈயத்தின்மேல் ஈயம் பட்டுக் குண்டு திரும்பி வரும். ஆகவே எண்ணிக்கை முக்கியம்.

இன்னொரு விதியும் அவர் கொண்டு வந்ததுதான். 1991இல் டுவேன் லூக்கனின் அட்டை பதினொரு ஓட்டைகளோடு வந்தது. டுவேன் டிராக்டர் மெக்கானிக். வாய் ஓயாத மனிதர்.

"ஒண்ணு கூடிப்போச்சு, அதுக்கென்ன இப்ப?" என்றார் ஆண்டு விருந்தில். "இருக்கறதுலயே மோசமானத விட்டுட்டு எண்ணுங்க."

"மோசமானத விட்டுட்டு எண்ணணும்னா நான் மாசம் முப்பது குண்டு சுடுவேன்," என்றார் லவோன். "பத்துன்னா பத்து. கூடச் சுட்டா, எது நல்லதோ அத விட்டுட்டு மிச்சத்த எண்ணணும். அதுலயும் ரெண்டு குறைக்கணும்."

வாக்கெடுப்பில் ஏழுக்கு மூன்று. ஏழாம் விதியாகப் பதிவாயிற்று. டுவேனின் அட்டையில் நல்லது ஒன்றை விட்டதும் தொண்ணூற்று மூன்று, இரண்டு குறைத்ததும் தொண்ணூற்றொன்று. அதற்குப்பின் அவர் லவோனைப் பார்க்கும்போதெல்லாம், "அம்மா ஏழாம் விதியே, சௌக்கியமா?" என்றுதான் கேட்பார்.

இருபத்திரண்டு வருடத்தில் யாரும் நூறு எடுக்கவில்லை. லவோன் தொண்ணூற்றெட்டு மூன்று முறை எடுத்திருந்தார். தொண்ணூற்றொன்பது ஒரு முறை, 2003 ஜூலையில். நூறு வேண்டும் என்று அவர் வாய்விட்டுச் சொன்னதில்லை. ஆனால் அந்தத் தொண்ணூற்றொன்பது அட்டையை வாங்கிப்போய், சமையலறை அலமாரிக் கதவின் உட்பக்கம் ஒட்டி வைத்திருந்தார். காபித்தூள் எடுக்கும்போதெல்லாம் கண்ணில் படும் இடம்.

2008 ஜூனில் வலக்கண் நடுவில் பார்வை வளையத் தொடங்கியது. "தந்திக் கம்பமெல்லாம் இடுப்பொடிஞ்சு நிக்குது," என்றார் என்னிடம். நகரத்துக் கண் மருத்துவர், இடக்கண் இப்போதைக்கு நன்றாக இருக்கிறது, ஆனால் பெரும்பாலும் அதுவும் பின்தொடரும், எப்போது என்று சொல்ல முடியாது என்றார். லவோன் அந்தக் குளிர்காலம் முழுவதும் வீட்டு நிலவறையில் இடத் தோளில் துப்பாக்கி வைத்துச் சுடக் கற்றார். அப்போது அவருக்கு எழுபது வயது. முதல் மாத அட்டை அறுபத்திரண்டு. பிப்ரவரியில் எழுபத்தொன்பது. மே மாதம் தொண்ணூற்று மூன்று. மதிப்பிட்டவன் நான் என்பதால் இந்த எண்கள் என்னிடம் அப்படியே இருக்கின்றன.

இடது பக்கம் மாறியதில் ஒரு சிறு தொல்லை இருந்தது. குண்டுகளை எண்ணி வைக்க அவர் பத்துக் குழி தோண்டிய மரத்துண்டு ஒன்று வைத்திருந்தார். சுடுவதற்கு முன் பத்துக் குழியிலும் குண்டு வைப்பார். குழிகள் காலியானால் அட்டை முடிந்தது. இப்போது பழக்கமில்லாத கையால் எடுக்க வேண்டியிருந்ததால், அவ்வப்போது ஒரு குண்டு புல்லில் விழுந்துவிடும். தேட முடியாது, மிளகைவிடச் சிறியது. டப்பாவிலிருந்து வேறொன்று எடுத்துக்கொள்வார்.

2009 ஆகஸ்ட் 31ஆம் தேதி அவருடைய அட்டை வந்தது. 28ஆம் தேதி சுட்டது. ஐந்து வட்டம், பத்து ஓட்டை. ஒவ்வொன்றும் புள்ளியைத் தொட்டிருந்தது போலத் தெரிந்தது. குண்டின் பருமனுக்குச் செய்த பித்தளை முளையை ஒவ்வோர் ஓட்டையிலும் விட்டு, உருப்பெருக்கியை வைத்துப் பார்த்தேன். ஒரு மணி பத்து நிமிடம் ஆனது. பத்தும் பத்து. நூறு.

செப்டம்பர் 5ஆம் தேதி எல்லா உறுப்பினர்களுக்கும் முடிவுத்தாள் அனுப்பினேன். ஊர் வாரப் பத்திரிகையில் நான்கு வரி வந்தது. மாதக் கடைசியில் ஆண்டு விருந்து. அதை லவோனுக்கான விருந்தாகவே நடத்துவது என்று டுவேன் அறிவித்துவிட்டார்.

செப்டம்பர் 12, சனிக்கிழமை, லவோன் தம் பழைய பிக்கப் வண்டியில் என் வீட்டுக்கு வந்தார். என் பெட்டி பலகை விட்டுப் போயிருந்ததால் எனக்குப் புதிதாக ஒன்று செய்திருந்தார்.

"எடைக்காரா, வந்து இறக்கு. இருபத்தாறு பவுண்டு. நான் சொன்னா நம்பமாட்ட, நீயே நிறுத்துப் பாத்துக்கோ."

நிறுத்துப் பார்த்தேன். "இருபத்தாறு பவுண்டு நாலு அவுன்ஸ்."

"அந்த நாலு அவுன்ஸ் நூறோட கனம். அந்த அட்டை இதுலதான் சுட்டேன். ஒனக்குன்னு செஞ்ச பெட்டி அதிர்ஷ்டப் பெட்டியாப் போச்சு. இதுல சுட்டாவது நீ தொண்ணூறத் தாண்டுறியான்னு பாப்போம்."

அன்று அவர் நடந்த நடையே வேறாக இருந்தது. தபால் நிலையத்தில் இருவர் கைகொடுத்தார்களாம். ஆலையில் உடன் வேலை பார்த்த ஒருவர் வேறு ஊரிலிருந்து தொலைபேசியில் அழைத்திருந்தார். மூடியைத் திறந்து சீட்டைக் காட்டினார்: எண் 31. ஆகஸ்ட் 28, 2009. அதன் கீழே 10.

திங்கட்கிழமை காலை, முதல் குண்டு சுடுவதற்கு முன், என் எண்ணிக்கைப் புத்தகத்தில் தொடக்க எண்ணை எழுத உட்கார்ந்தேன். சீட்டில் பத்து என்று இருந்தது. அதை அப்படியே எழுதியிருக்கலாம், மற்ற எல்லாரும் அப்படித்தான் செய்தார்கள். ஆனால் எடைமேடையில் இருந்த காலம் முழுவதும், ஓட்டுநர் சொன்ன எடையை நான் ஒரு நாளும் எழுதியதில்லை. ஒரு பின்னல் ஊசியையும் தேக்கரண்டியையும் எடுத்துக்கொண்டு களியைத் தோண்டினேன். ஐந்து இடத்தில் தடம் தெளிவாக இருந்தது. முதல் இடத்தில் இரண்டு, இரண்டாவதில் இரண்டு. மூன்றாவது இடத்தில் ஒன்று தனியாக வந்தது. மற்றது சற்று நீளமாக, கனமாக வந்தது. துடைத்துப் பார்த்தேன். ஒரு குண்டின் பின்பக்கக் குழிவுக்குள் இன்னொரு குண்டின் தலை நுழைந்து, ஒன்றுக்குள் ஒன்று அடுக்கிய டம்ளர்கள் போல இருந்தது. நான்காவதில் இரண்டு, ஐந்தாவதில் இரண்டு.

எல்லாவற்றையும் சிறு தராசில் வைத்தேன். அந்த வகைக் குண்டு ஒன்று 0.51 கிராம். பத்துக்கு 5.1 வர வேண்டும். 5.6 வந்தது. மூன்று முறை நிறுத்தேன்.

லவோன் பதினொரு குண்டு சுட்டிருக்கிறார். மூன்றாம் வட்டத்தில் இரண்டு குண்டும் ஒரே ஓட்டை வழியாகப் போயிருக்கின்றன. அட்டையில் ஓர் ஓட்டைதான் தெரிந்திருக்கும். மரத்துண்டின் குழிகள் காலி, அட்டையில் ஒன்பது ஓட்டை. ஒரு குண்டு வழக்கம்போலப் புல்லில் விழுந்துவிட்டது என்று நினைத்து டப்பாவிலிருந்து ஒன்று எடுத்துச் சுட்டிருக்கிறார். அதுவும் புள்ளியில் பட்டிருக்கிறது. பதினொரு குண்டு, பதினொன்றும் பத்து. ஏழாம் விதிப்படி இரண்டு குறையும். தொண்ணூற்றெட்டு.

பிறகு நான் என் மதிப்பீட்டுப் புத்தகத்தை எடுத்து ஆகஸ்ட் 31 பக்கத்தைப் பார்த்தேன். என் கையெழுத்தில் இருந்தது: "மூன்றாம் வட்டம், ஒரு துளை சற்று நீள்வு. ஓரக் கிழிசல்." அந்த ஓட்டையில் முளை இறுகாமல் ஆடியிருக்கிறது. நான் கண்டிருக்கிறேன், எழுதியும் வைத்திருக்கிறேன். எழுதிவிட்டு நூறு என்று கூட்டியிருக்கிறேன்.

இதை அறிந்தவன் நான் ஒருவன்தான். ஒட்டியிருந்த அந்த ஜோடிக் குண்டை ஓர் உறையில் போட்டு மேசை இழுப்பறையில் வைத்தேன். விருந்துக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது. புத்தகத்தில் ஒன்று, இழுப்பறையில் ஒன்று என்று என் வாழ்க்கையில் அதற்குமுன் இருந்ததில்லை. அந்த வாரம் சுடவே இல்லை. கடைத்தெருவில் லவோனைத் தொலைவில் கண்டபோது மறுபக்க நடைபாதைக்குப் போனேன். அவருக்கு எழுபத்தொரு வயது. இடக்கண் எத்தனை நாள் தாங்கும் என்று தெரியாது. இனி நூறு வராது என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இரண்டு மதிப்பெண்ணால் யாருக்கு என்ன நட்டம் என்று ஒரு நாள் முழுக்க நினைத்தேன். மறுநாள், டுவேனுடைய இரண்டையும் அன்று நான்தானே கழித்தேன் என்று நினைத்தேன்.

ஒன்பதாம் நாள், புதன்கிழமை, உறையையும் மதிப்பீட்டுப் புத்தகத்தையும் எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். சமையலறையில் காபி வைத்துக்கொண்டிருந்தார். அலமாரிக் கதவு திறந்திருந்தது. பழைய தொண்ணூற்றொன்பதுக்குப் பக்கத்தில் இன்னோர் அட்டைக்கு இடம் விட்டு நான்கு ஊசி குத்தி வைத்திருந்தார். விருந்து முடிந்ததும் நூறு அட்டையை அவரிடம் கொடுப்பதாக நான் சொல்லியிருந்தேன்.

உறையைப் பிரித்து ஜோடியை மேசைமேல் வைத்தேன். அவர் இடக்கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"எந்த வட்டம்?"

"மூணாவது."

"மொத்தம் பதினொண்ணா?"

"மூணு தடவ நிறுத்தேன்."

"நீ ஒரு தடவ நிறுத்தாலே போதும்." ஜோடியை விரலால் உருட்டினார். "புல்லுல விழுந்துடுச்சின்னு நெனச்சேன். குனிஞ்சுகூடப் பாத்தேன். எந்தக் குண்டு கண்ணுக்குத் தெரிஞ்சிது." நிமிர்ந்து என்னைப் பார்த்து, "என்னைக்குத் தோண்டுன?"

"பதினாலாம் தேதி."

"இன்னைக்கு இருபத்தி மூணு."

"ஆமா."

"ஒன்பது நாளு. ஒன்பது நாளா நான் ஊருக்குள்ள நூறு அடிச்சவளாத் திரிஞ்சிருக்கேன். போன ஞாயிறு பாதிரியார் எல்லார் முன்னாலயும் என்னை எந்திரிச்சு நிக்கச் சொன்னாரு, நானும் நின்னேன். நீ மூணாவது வரிசையில ஒக்காந்து கைதட்டுன."

உண்மை. கைதட்டினேன்.

புத்தகத்தைக் கேட்டார். ஆகஸ்ட் 31ஐத் திறந்து கொடுத்தேன். உருப்பெருக்கியை எடுத்து வந்து படித்தார். அந்த வரியில் அவர் விரல் நின்றது.

"நீ பாத்திருக்க."

"பாத்தேன்."

"நீள்வுன்னு நீயே எழுதியிருக்க. வேற யாரோட அட்டையா இருந்தாலும் என்ன செஞ்சிருப்ப?"

"பெட்டியத் தோண்டிப் பாருங்கன்னு கடுதாசி போட்டிருப்பேன்."

"எனக்கு ஏன் போடல?"

"நூறா இருக்கணும்னு நெனச்சேன்."

"எடைமேடையில எவனுக்காவது அப்படி நெனச்சிருக்கியா? முப்பத்தஞ்சு வருஷத்துல?"

"இல்ல."

காபியைக் கோப்பைகளில் ஊற்றினார். என் கோப்பையை என் பக்கம் தள்ளும்போது வழக்கத்தைவிட வேகமாகத் தள்ளினார், கொஞ்சம் சிந்தியது. துடைக்கவில்லை. ஜன்னல் வழியாகப் பின்புறத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். அங்கே கம்பத்தில் ஒன்றாம் எண் பெட்டி தொங்கிக்கொண்டிருந்தது. அப்புறம் அவர் தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்து எழுந்தேன். சிரித்துக்கொண்டிருந்தார்.

"பதினொண்ணும் பத்து," என்றார். "எந்தக் கழுத சுட்டிருக்கு இதுக்கு முன்னால? சரியா சுட்டா நூறு. அதவிட நல்லாச் சுட்டா தொண்ணூத்தெட்டு. எவ அந்த விதியப் போட்டது?"

"எழுதுனது நான்."

"போட்டது நான்." உட்கார்ந்தார். "டுவேன்கிட்ட யாரு சொல்றது?"

"நான் சொல்றேன்."

"நீ வாயத் தொறக்காத. ஒன்பது நாள் மூடி வச்சவன், இன்னும் மூணு நாள் மூடி வைக்கறது ஒனக்குக் கஷ்டமில்ல."

சனிக்கிழமை, தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் விருந்து. பன்றி இறைச்சி சாண்ட்விச், வேகவைத்த சோளம், மூன்று வகை உருளைக்கிழங்கு சாலட். டுவேனின் மனைவி மார்லிஸ் ஒரு கேக் செய்திருந்தார். அதன்மேல் நீலச் சர்க்கரைக் கூழால் 100 என்று பெரிதாக எழுதியிருந்தது. சாப்பிடத் தொடங்குவதற்கு முன்பே லவோன் எழுந்து நின்று, நடந்ததைச் சுற்றி வளைக்காமல் சொல்லி முடித்தார். ஜோடிக் குண்டைக் கையிலிருந்து கைக்கு அனுப்பினார். நான் அதை ஆகஸ்டிலேயே கவனித்திருந்தேன் என்பதை அவர் சொல்லவில்லை. நான் எழுந்து சொன்னேன்.

டுவேன்தான் முதலில் வாய் திறந்தார். "பதினெட்டு வருஷம்," என்றார். "பதினெட்டு வருஷமா இந்த நாளுக்காகக் காத்திருக்கேன். ஆனா இப்பிடி வரும்னு நெனக்கல. லவோன், அந்த விதிய இன்னைக்கே எடுத்துடலாம். நானே முன்மொழியறேன்."

"எடுத்தா ஒன் தொண்ணூத்தொண்ணு தொண்ணூத்தி மூணாயிடும். அதுக்குத்தான அலையற?"

"ஒம் மேல உள்ள பாசத்துல சொன்னேன்."

"பாசத்தத் தட்டுல போட்டுச் சாப்பிடு. விதி இருக்கட்டும்."

பிறகு கேக் கத்தியை எடுத்து, 100இல் இருந்த 1ஐச் சுரண்டி எடுத்தார். டுவேன் எட்டிப் பார்த்து, "இப்ப ரெண்டு சைபர்தான் மிச்சம். இது என்னோட அட்டை மாதிரில்ல இருக்கு," என்றார். மார்லிஸ் அவர் முதுகில் ஒன்று வைத்தார். லவோன் முதல் துண்டை வெட்டி என் தட்டில் போட்டார். ஒன்பது நாளுக்கும் சேர்த்து அவர் எனக்குச் சொன்ன பதில் அதுதான் என்று நான் எடுத்துக்கொண்டேன்.

திங்கட்கிழமை முடிவுத்தாளைத் திருத்தி அனுப்பினேன். பத்திரிகைக்கும் எழுதினேன், மூன்று வரி போட்டார்கள். சிறந்த அட்டைகளின் பக்கத்தில் இப்படிப் பதிவாகியிருக்கிறது: "98. எல். டெசார். குண்டுகள் 11." மேலே 2003இன் தொண்ணூற்றொன்பது இருக்கிறது. அதுவும் அவருடையதே. அலமாரிக் கதவில் விட்டிருந்த இடத்தில் அந்தத் தொண்ணூற்றெட்டு அட்டையை ஊசி குத்தி மாட்டினார், தொண்ணூற்றொன்பதுக்குச் சற்றுக் கீழே.

அந்த வாரமே என் வீட்டுக்கு வந்து பெட்டி மூடியைத் திறந்தார். சீட்டில் இருந்த 10ஐ அடித்துவிட்டு, இடக்கையால், கோணல்மாணலாக 11 என்று எழுதினார். துப்பாக்கிக்கு மட்டுமல்லாமல் பேனாவுக்கும் கையை மாற்றிக்கொண்டிருந்தார் என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது. ஜோடிக் குண்டைக் களியில் மூன்றாம் இடத்தில் வைத்துக் கட்டைவிரலால் அழுத்தினார். மற்ற ஒன்பதையும் நான் அழுத்தினேன்.

"இது இந்தப் பெட்டியோட கணக்கு," என்றார். "இழுப்பறைக்குள்ள வைக்காத."

அதற்குப்பின் மூன்று வருடம் சுட்டார். மூன்று பெட்டிகளும் செய்தார். மூன்றையும் பத்துக் குண்டோடு திறந்து வைத்தார், ஒவ்வொரு முறையும் சுட்டு முடித்ததும் தாமே தோண்டி எண்ணிவிட்டுத் திரும்ப அழுத்தினார். அந்த வருடங்களில் அதிகபட்சம் தொண்ணூற்றாறு. 2012 இலையுதிர்காலத்தில் இடக்கண்ணிலும் கம்பங்கள் வளையத் தொடங்கின. துப்பாக்கியை எண்ணெய் போட்டுத் துடைத்து உறையில் வைத்தார். 2014 மார்ச்சில், தூக்கத்தில் இறந்தார். வயது எழுபத்தைந்து.

என் பெட்டியில் இரண்டாயிரம் சேர்ந்தது 2011 மே 9ஆம் தேதி. அப்போது லவோன் இருந்தார். களியைத் தோண்டி ஈயத்தை நிறுத்தேன். 1,020 கிராம் வர வேண்டும், 1,019 வந்தது. கணக்கு சரி. அந்த ஜோடியைத் தேடினேன். மூன்றாம் இடத்தில் உள்ளங்கை அளவுக்கு ஒரே ஈயக்கட்டி இருந்தது. என் குண்டுகள் அதன்மேல் விழுந்து விழுந்து எல்லாம் ஒன்றாகியிருந்தன. எது அவருடையது என்று பிரித்தறிய முடியவில்லை. அதையும் அன்றைய தேதியில் எழுதி வைத்திருக்கிறேன்.